ஆறாம் வகுப்புக்கு ஒரு வெட்டுப்புள்ளி

"உங்கட ஊரில ஆறாம் வகுப்புக்கு ஆரும் பயப்பிடுறேல்லை. அதுதான் பிள்ளையள் இப்பிடி விளையாடித் திரியினம்" என்றார் சம்பந்தி. யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர். என் தம்பி மகளின் வளைகாப்புக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் வந்திருந்தார். மே மாதம். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். விருந்தாளியாயிற்றே என்று "ஆமாங்க சம்பந்தி" என்று சொல்லிவைத்தேன். அப்போது விழுங்கிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு வேறு வருத்தம் இருந்தது. பேத்திக்குப் புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு புள்ளி குறைந்து, வீட்டில் எல்லோரும் ஆசைப்பட்ட பாடசாலை கிடைக்காமல் போயிருந்தது. "பிள்ளை பாஸ்தான், ஆனா வெட்டுப்புள்ளி தாண்டேல்லை" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். இலங்கையில் தரம் 5 படிக்கும் பிள்ளைகள் நாடு முழுவதும் ஒரே நாளில் எழுதும் பரீட்சை அது. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்தாரே, அந்த வழியில் வந்த ஏற்பாடு. கிராமத்து ஏழைப் பிள்ளையைக் கண்டெடுத்து, உதவிப்பணமும் கொடுத்து நல்ல பாடசாலைக்கு அனுப்புவதே நோக்கம். மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வெட்டுப்புள்ளி என்கிற கட்-ஆஃப் மாறும். பேர்பெற்ற பாடசாலைகளுக்கு அதற்கும் மேலே தனி வெட்டுப்புள்ளி. யாழ் இந்துக் கல்லூரி, வேம்படி, ஹாட்லிக் கல்லூரி என்று அவர் பெயர்களை அடுக்கியபோது, பத்து வயசுப் பிள்ளைக்கு எதற்குக் காலேஜ் என்று விழித்தேன். அவர்களுக்குக் கல்லூரி என்றாலே பள்ளிக்கூடம்தான். நம் எச்.எம். அங்கே அதிபர். இடம் கிடைக்காதவர்கள் போடுவது மேன்முறையீடு. சொற்கள் எல்லாம் கம்பீரமாகத்தான் இருக்கின்றன.

நம் பக்கம் ஐந்தாம் வகுப்பு முடிந்தால் டி.சி. வாங்குவார்கள், அடுத்த பள்ளியில் கொடுப்பார்கள், அவ்வளவுதான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, விலக்குப் பெற்ற சில பள்ளிகளைத் தவிர, எட்டாம் வகுப்புவரை சேர்க்கைக்குத் தேர்வு வைக்கவே கூடாது. மதிய உணவு உண்டு, பஸ் பாஸ் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மார்க் தெருவுக்கே தெரியும்படி பேசப்படுவதில்லை. வலங்கைமானிலும் அம்மாபேட்டையிலும் பத்து வயசுப் பிள்ளை விடுமுறை நாளில் வாய்க்காலில் குதிக்கிறது என்றால், அது பொறுப்பில்லாத வளர்ப்பு அல்ல, எங்கள் ஊர் வளர்ப்பு. இதைச் சம்பந்தியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எங்களிடம் முதல் விருப்பம் கைநழுவுவதே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். தஞ்சாவூரில் ஷுவார்ட்ஸ் பாதிரியார் காலத்துத் தூய பேதுரு பள்ளி, கும்பகோணத்தில் டவுன் ஹைஸ்கூல் என்று பெயர் சொன்னாலே கண் விரியும் பள்ளிகள் இங்கேயும் உண்டு. எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடுமா? என் அக்கா மகனுக்கு ஒரு பள்ளியில் "இங்கிலீஷ் மீடியம் ஃபுல்" என்றார்கள். அடுத்த வாரம் சிபாரிசோடு போன வேறொரு பையனுக்கு இடம் இருந்தது. அதோடு பள்ளி திறப்பது ஜூன் மாதம். மேட்டூரில் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பார்களா என்று பார்த்துக் குறுவைக்கு நாற்றங்கால் போடுகிற நேரம். விதைக்கும் உழவுக்கும் போன பணம் அறுவடைக்குத்தான் திரும்பும். தனியார் பள்ளிக் கட்டணமோ அந்த மாதமே வாசலில் நிற்கும். எத்தனையோ வீடுகளில் பிள்ளையின் முதல் விருப்பம் டிராக்டர் வாடகையிடம் தோற்றிருக்கிறது. ஆனால் அதை யாரும் பிள்ளையின் தோல்வி என்று சொல்வதில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1960, 61இல் இலங்கை அரசு உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றைத் தானே எடுத்துக்கொண்டது. இடம் அரசின் கைக்குப் போனதும், அதைப் பங்கிட எல்லோரும் ஒத்துக்கொள்ளும் அளவுகோல் வேண்டியிருந்தது, புள்ளி இருந்தது. இங்கே உதவி பெறும் பள்ளிகளுக்கு அரசு சம்பளம் தருகிறது, நிர்வாகம் நிர்வாகத்திடமே இருக்கிறது. இங்கே இடத்துக்கு ஆளைப் பிடிக்க வேண்டியிருப்பது அதனால்தான். கரவெட்டியில் கூலிக்காரர் மகள் 170 எடுத்தால் எந்தக் கடிதமும் இல்லாமல் நுழைவாள் என்று சம்பந்தி சொன்னபோது நான் தண்ணீர் கொண்டுவர எழுந்துபோனேன்.

பரீட்சை என்றால் அவர்கள் சளைத்தவர்கள் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1857இல் முதன்முதலாக பி.ஏ. தேறிய இருவரில் ஒருவர் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம் பிள்ளை. அவரே பிற்பாடு கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தார் என்பதையும் நான் நினைவுபடுத்தினேன். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தல் முறையில், வாங்கிய நல்ல புள்ளியும் போதாது என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்குக் கதவு அடைபட்டது. அந்தக் காயம் பட்டவர்கள் புள்ளியை இன்னும் இறுக்கிப் பிடிப்பதில் வியப்பில்லை.

எங்களுக்கும் ஒரு பரீட்சைக் கதை உண்டு. கணிதமேதை ராமானுஜன் 1897 நவம்பரில் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து, மறு வருஷம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். "பார்த்தீங்களோ, பரீட்சைதானே அவரைக் காட்டினது!" என்றார் சம்பந்தி. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தோற்று அவர் உதவித்தொகையை இழந்ததும் பரீட்சையால்தான் என்றேன். அந்தச் சுற்றில் நான் ஜெயித்தேன்.

எங்கள் வெட்டு பத்தாம் வகுப்புக்குப் பிறகு வருகிறது. கிராமத்தில் பள்ளி பத்தோடு நின்றுவிடும். பிளஸ் ஒன்னுக்கு வேறு ஊர் போகவேண்டும். அங்கே மார்க்கும் இடஒதுக்கீடும் பார்த்து குரூப் தருவார்கள். பயாலஜி கேட்டவள் காமர்ஸில் உட்கார்வாள். அழுகையெல்லாம் உண்டு. ஆனால் பதினைந்து வயசு அழுகை வேறு, பத்து வயசு அழுகை வேறு என்பது என் கட்சி.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஆறாம் வகுப்புக்குத் தேர்வு வைத்து எடுக்கும் மத்திய அரசின் நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. மொழிக் கொள்கைக்காக நாம் வேண்டாம் என்றோம். நானும் அதை ஆதரித்துப் பேசியவன். ஆனால் புதுச்சேரிக்கு உட்பட்ட காரைக்காலில் இருக்கிறது. விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். அந்தந்த மாவட்டத்துப் பிள்ளைகள்தான் தேர்வு எழுதலாம் என்பதால் எல்லையை ஒட்டிய பொறையாற்றுப் பிள்ளைக்கு வழியில்லை. என் பேரன் பொறையாற்றில் ஐந்தாம் வகுப்பு. போன மாதம் அவன் அம்மாவிடம் காரைக்காலில் வாடகை வீடு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்தேன். சம்பந்திக்கு இது தெரியாது.