ஒட்டாத இலை

மழை விட்ட கையோடு, மங்கலம்பேட்டைப் பக்கம் தாமரை மண்டிய குளம் எதிர்ப்பட்டால் கொஞ்சம் நில்லுங்கள். இலையில் விழுந்த நீர் பரவுவதில்லை. பாதரசம் போலத் திரண்டு, காற்று அசைத்ததும் நடுக்குழிக்கு உருண்டோடி, அங்கிருக்கும் துளிகளோடு சேர்ந்து பெருக்கிறது. இலை சாய்ந்தால், வழியிலுள்ள தூசியையும் வாரிக்கொண்டு ஒரே கவிழ்ப்பாகக் குளத்தில் இறங்குகிறது. இலையிலோ பளபளப்பே கிடையாது. சாம்பல் படர்ந்த மங்கிய பச்சை. பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையில் அழுக்கு தங்காததற்கு அதன் வழவழப்புதான் காரணம். தாமரை அதே வேலையைச் சொரசொரப்பால் செய்கிறது!

இந்த முரணில் மனம் தங்கியவர் ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். 1970களில் செடிகளை வகைப்படுத்த இலைகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, வழவழப்பானவற்றைத்தான் முதலில் கழுவ வேண்டியிருந்தது. சொரசொரப்பானவை சுத்தமாகவே வந்தன. தாமரை இலை முழுக்க ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர் அளவில் மேடுகள், அவற்றின்மேல் நானோமீட்டர் கணக்கில் மெழுகுக் குழல்கள், இடுக்குகளில் காற்று. துளி பெரும்பாலும் அந்தக் காற்றின்மேல்தான் அமர்கிறது. 1997இல் நைன்ஹுயிஸ் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து இதை விளக்கி எழுதினார். மழையில் தானே அழுக்கு நீங்கும் சுவர்ப்பூச்சும் பின்னர் வந்தது. குளம் தொலைவென்றால் கொல்லைச் சேப்பங்கிழங்கு இலையே போதும். ஒரு கை நீர் தெளித்துப் பாருங்கள். விரலால் மட்டும் தேய்க்காதீர்கள், மெழுகு போய்விடும்.