குழலின் மூச்சும் கணினியின் ஸ்வரமும்

நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று பிரித்து வைத்தார்கள். தோற்கருவியைத் தட்டினால் ஒலி பிறந்து தானே அடங்கும். துளைக்கருவி அப்படி இல்லை. ஊதுகிறவரைக்கும் அது உயிரோடு இருக்கும். அதனால்தான் கணினியில் பதிந்து வைத்த தபலா ஓரளவு நம்மை ஏமாற்றிவிடுகிறது. பதிந்து வைத்த குழலும் கிளாரினெட்டும் இரண்டாவது ஸ்வரத்திலேயே அகப்பட்டுக்கொள்கின்றன. இது ஏன், எவ்வளவு தூரம் சரிசெய்யலாம், எங்கே முடியாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வெளிமாநிலத்தில் குடியேறிய நமக்கு இது வெறும் நுணுக்கப் பேச்சு அல்ல. பிள்ளைகளின் நாட்டிய நாடகம், பொங்கல் விழா, ஏன், சில கல்யாணங்கள்கூட இன்று கீபோர்டை வைத்தே நடந்து முடிகின்றன.

பற்றவைப்பு தெரிகிற இடம்

சாம்பிள் என்பது வேறொன்றுமில்லை. ஒரு வித்வானை உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக ஊதச் சொல்லிப் பதிந்து, கீபோர்டின் கட்டைக்கு ஒன்றாகச் சேர்த்து வைப்பது. 1960-களின் மெல்லோட்ரான் இதையே காந்த நாடாவில் செய்தது. ஒரு கட்டையை அமுக்கினால் சுமார் 8 விநாடி ஓடும், அவ்வளவுதான். தனியாக ஊதிய ஸ்வரம் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் ஒரு நாக்கு அடி இருக்கும். நாதஸ்வரக்காரர்கள் அதைத் துத்துகாரம் என்பார்கள். ஐந்து கட்டை அமுக்கினால் ஐந்து துத்துகாரம் கேட்கும். நிஜக் குழலிலோ ஐந்து ஸ்வரத்துக்கும் ஒரே மூச்சு, ஒரே தொடக்கம். விரல் மட்டும் நகர்கிறது. மேல்நாட்டார் லெகாடோ என்று சொல்வது இந்த இழைவைத்தான்.

நான் பாத்திர வியாபாரி. குடத்தின் கழுத்தும் வயிறும் சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் வேலைப்பாட்டை மதிப்பேன். சங்கீதத்திலும் சோதனை இணைப்பில்தான் இருக்கிறது.

மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. முதல் ஸ்வரம் மங்க மங்க அடுத்ததை மேலே எழுப்புவது. ஆனால் அந்தக் கணத்தில் இரண்டு குழல்காரர்கள் ஒருசேர ஊதுவது மாதிரி கேட்கும். ஒருவரின் அசைவு ஒரு விதம், மற்றவருடையது வேறு விதம். காது உடனே கண்டுபிடித்துவிடும்.

கணக்கு சொல்லும் கதை

சரியான வழியை 2000-ஆம் ஆண்டளவில் வியன்னாவில் தொடங்கினார்கள். ஹெர்ப் டுக்மாண்டல் என்ற செல்லோ வாத்தியக்காரர் அமைத்த வியன்னா சிம்பொனிக் லைப்ரரியில், ஸ்வரத்தை மட்டுமல்லாமல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியையும் பதிந்தார்கள். இதன் உழைப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஸ்தாயிக் குழலில் 36 ஸ்வரஸ்தானம் என்று வைத்துக்கொள்வோம். தனி ஸ்வரமென்றால் 36 பதிவு போதும். ஒரு ஸ்தாயி தூரம் வரை ஏறுவதும் இறங்குவதுமாகப் பதிந்தால் 708 ஆகும். மெல்ல, நடுத்தரம், உரக்க என்று மூன்று விதமென்றால் 2,124. விலை ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இன்னொரு வழி, பதிவை நம்பாமல் குழாய்க்குள் காற்று அதிர்கிற விதத்தையே கணக்காக்கி ஒலியை உண்டாக்குவது. யமஹாவின் விஎல்1 1994-இல் இதைச் செய்தது. இணைப்பு இதில் இயல்பாக வரும். ஆனால் ஊதுகிறவரின் மூச்சைச் சொல்லித்தராவிட்டால் ஒலி பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்.

வாசிக்கிறவர் செய்யக்கூடியது

நல்ல சாம்பிள் வாங்கியும் பலர் கெடுப்பது பியானோ கையால். சில யோசனைகள்:

ஒன்று, லெகாடோ நிலையில் ஒரு கட்டையை விடுவதற்கு ஒரு நொடிப்பொழுது முன்பே அடுத்ததை அமுக்க வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் கருவி அதைப் புதிய தொடக்கமாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டு, காலால் சஸ்டெயின் மிதிக்கக் கூடாது. குழலுக்கு ஒரே வாய்.

மூன்று, ஏற்ற இறக்கத்தை ஸ்வரத்துக்கு ஸ்வரம் அடியாகக் கொடுக்காமல், ஒரு சங்கதி முழுவதற்கும் ஒரே வளைவாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மிடியில் எக்ஸ்பிரஷன் என்ற 11-ஆம் எண் இருக்கிறது. மூச்சுக்கென்றே 2-ஆம் எண் இருக்கிறது. வாயால் ஊதும் கட்டுப்பாட்டுக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது.

நான்கு, மூச்சு விட இடம் விடுங்கள். முடிவில்லாமல் ஓடும் குழலைக் கேட்டா, கேட்பவருக்கே மூச்சு முட்டும்.

ஐந்து, சங்கதியை முதலில் வாயால் பாடிப் பார்த்து, பிறகு கட்டையைத் தொடுங்கள்.

எட்டாத இடம்

இவ்வளவு செய்தும் நம் சங்கீதத்தில் ஒரு சுவர் நிற்கிறது. 708 இணைப்பும் நிலையான ஒரு ஸ்வரத்திலிருந்து நிலையான இன்னொன்றுக்குப் போகிறவை. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கிறதா? அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுவதே அதன் உருவம். பிட்ச் பெண்ட் சக்கரத்தால் ஆட்டினால், பதிவிலுள்ள மூச்சுச் சத்தமும் சேர்ந்து ஆடி, நாடா வேகம் மாறுவது போல் ஆகிவிடும். மாலி என்று நாம் கொண்டாடும் டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) குழலைப் பாட்டாக்கியது, துளையை முழுதும் மூடாமலும் முழுதும் திறக்காமலும் வைத்த விரலால். சிலம்பின் கானல்வரியில் யாழ் வாசிக்கும் முறைகளை வார்தல், உருட்டல் என எட்டாகப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்வரத்துக்குப் பெயர் வைத்ததோடு நில்லாமல், கை போகும் வழிக்கும் பெயர் வைத்த மரபு நம்முடையது.

கணினியைக் கரைத்துக் குடித்த ஏ.ஆர். ரஹ்மானே, 1995-இல் வெளிவந்த 'பம்பாய்' படத்தின் தீம் இசைக்கு நவீன் குமாரை அழைத்து ஊத வைத்தார் என்பதை யோசிக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒத்திகைக்கும், நாடகப் பின்னணிக்கும், வாத்தியக் கூட்டத்தில் நீண்டு நிற்கும் ஸ்வரத்துக்கும் சாம்பிள் போதும். நன்றாக வாசித்தால் அழகாகவும் இருக்கும். ராக ஆலாபனைக்கும் மங்கல வேளைக்கும் போதாது. கும்பகோணத்திலிருந்து ஒரு நாதஸ்வரக் குழுவை ரயிலில் அழைத்துவரச் செலவாகும், உண்மைதான். ஆனால் நம் பேரப்பிள்ளைகள் துண்டு துண்டான ஒலியையே குழலென்று கேட்டு வளர்ந்தால், பின்னால் நிஜக் குழல் வந்து ஊதும்போது அதுதான் குறையாகப் படும். காது ஒருமுறை கெட்டுப்போச்சுன்னா, எந்தச் செலவு செய்தும் மீட்க முடியாது. ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சியாவது மூச்சுள்ள வித்வானை மேடையேற்ற நம் சங்கத்தார் முன்வர வேண்டும். கீபோர்டு படிக்கும் பிள்ளைகளை அன்று முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும்.