பிடித்தவனே காத்த கதை: முருகன் பற்றி ஒரு குறிப்பு

எனக்கு நாலு வயசில் விடாத காய்ச்சல். அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து பழனிக்கு வேண்டிக்கொண்டார். அப்பத்தாவோ, "அவனுக்கு ஏதோ குறை வெச்சுட்டோம், அதான் புள்ளையப் புடிச்சிருக்கான்" என்றதாம். அம்மாவுக்கு முருகன் மருந்து; அப்பத்தாவுக்கு அவன்தான் நோய். அப்பத்தா சொன்னது வெறும் பயம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பழைய நூல்களைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறிவிட்டது.

முருகனின் வரலாறு என்றாலே நம்மிடம் இரண்டு கட்சிதான். முருகன் தமிழ்க் கடவுள், ஸ்கந்தன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவன் என்பது ஒன்று. எல்லாம் புராணத்திலிருந்து வந்ததுதான் என்பது மற்றொன்று. இரண்டு கட்சிக்கும் 'யாருடைய கடவுள்' என்பதே கேள்வி. அந்தக் கடவுளிடம் மக்கள் எதற்காகப் போனார்கள் என்று கேட்பவர் குறைவு.

முதலில் வடக்கே பார்ப்போம். மகாபாரதத்தின் வனபருவத்தில் ஸ்கந்தன் தேவசேனாபதி மட்டுமல்ல. குழந்தைகளைப் பீடிக்கும் கிரகங்களின் கூட்டமே அவனைச் சூழ்ந்து நிற்கிறது. பதினாறு வயதுவரை பிள்ளைகளுக்கு அவற்றால் ஆபத்து என்கிறது அந்தப் பகுதி. சுச்ருத சம்ஹிதை குழந்தை நோய்களைச் சொல்லும்போது ஒன்பது கிரகங்களைப் பட்டியலிடுகிறது. அதில் முதலாவதே ஸ்கந்த கிரகம்தான். இதே தெய்வம் யௌதேயர் காசுகளில் ஆறு தலையோடு நிற்கிறது. 5ஆம் நூற்றாண்டில் முதலாம் குமாரகுப்தனின் பொற்காசில் மயிலேறி வருகிறது. போர்த் தெய்வமாக, அரசர்களின் தெய்வமாக உயர்ந்தபோது தொட்டிலருகே நின்ற பழைய அச்சம் காசில் இடம்பெறவில்லை.

இப்போது தெற்கே வருவோம். சங்க அகப்பாடல்களில் காதலால் மெலிந்த பெண்ணைப் பார்த்துத் தாய் பதறுகிறாள். முருகு அணங்கியதுதான் காரணம் என்று வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். அகநானூறு 22இல் உண்மைக் காரணம் தெரிந்த தலைவி, அந்தச் சடங்கை எண்ணித் தனக்குள் நகைக்கிறாள். நற்றிணை 34இல் தோழி முருகனையே நேருக்கு நேர் கேலி செய்கிறாள். கேலி இருக்கட்டும். முருகன் பெண்களைப் பீடிப்பான் என்று ஊரே நம்பினால்தானே இந்த நகைச்சுவை எடுபடும்?

வடக்கே குழந்தை, தெற்கே இளம்பெண். பீடிக்கப்படுபவர் வேறு, சடங்கும் வேறு. ஆகவே இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வருத்துபவனிடமே போய்த் தணி என்று கேட்கும் உறவு இரண்டு இடத்திலும் உண்டு. பிற்காலத்தில் இரு மரபுகளும் இவ்வளவு சுலபமாகப் பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்தப் பொருத்தத்தைத் திருமுருகாற்றுப்படையில் பார்க்கலாம். அகப்பாடல்களுக்குப் பிந்தியது என்று பல ஆய்வாளர்கள் கருதும் நூல் இது. ஏரகத்தில் அந்தணர் ஆறெழுத்து மந்திரம் ஓதுகிறார்கள். பழமுதிர்சோலைப் பகுதியில் குறமகள் ஆட்டுக்கிடாயின் குருதி கலந்த அரிசியைப் பலியாகத் தூவுகிறாள். நக்கீரர் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தள்ளவில்லை. 'ஒட்டவைத்தார்கள்' என்பவர்கள் மந்திரத்தை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள், 'எல்லாம் புராணம்' என்பவர்கள் குருதிப்பலியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நூல் இருவருக்கும் பிடிகொடுக்கவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நூலின் முடிவுதான். தேடி வருபவன் முன் முருகன் வானளாவிய உருவோடு தோன்றுவான். பிறகு அச்சம் தரும் அந்த நிலையை உள்ளடக்கி, மணம் கமழும் இளமையைக் காட்டி, அஞ்சாதே என்பான் என்று நக்கீரர் சொல்கிறார். அணங்கு அங்கே அழிந்துபோகவில்லை, அடங்கியிருக்கிறது. இன்று காலண்டரில் சிரிக்கும் பால முருகன் அந்த அடக்கத்தின் மறுபக்கம் என்றே எனக்குப் படுகிறது.

அச்சம் முழுதாகப் போய்விட்டதா? 19ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தை நினைத்துப் பாருங்கள். உடம்பின் உறுப்பு ஒவ்வொன்றாகச் சொல்லி வேலைக் காவலுக்கு அழைக்கிறது. பேயையும் பிணியையும் பெயர் சொல்லி விரட்டுகிறது. அச்சம் அப்படியே இருக்கிறது. பழைய நூல்களில் நோய்க்குக் காரணமாகச் சொல்லப்பட்டவனின் வேல், இங்கே நோய்க்கு எதிராக நிற்கிறது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அது எவ்வளவு பெரிய மாற்றம்!

காய்ச்சல் இறங்கியதும் அம்மா முடிந்து வைத்த காசைப் பழனி உண்டியலில் போட்டார்களாம். அப்பத்தாவும் கூடப் போய் மொட்டை போட்டுக்கொண்டது. அம்மா போனது நன்றி சொல்ல. அப்பத்தா போனது சமாதானம் பேச. முருகனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பயணத்தையும் சேர்த்தே எழுதவேண்டும்.