இரு சிலிண்டருக்கு ஒரு வாயில்

1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 சி.சி. கொள்ளளவோடு அறிமுகமாகி, பின்னர் மினி கார்களால் புகழடைந்த ஏ-சீரிஸ் எஞ்சினில், நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றும் பெட்ரோலும் கலந்து நுழைவதற்கு இரண்டே இன்லெட் போர்ட்டுகள், அதாவது உள்வாயில்கள், அமைந்துள்ளன. அம்பாசிடர் கார்களில் ஓடிய 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சினும் இதே அமைப்புடையதே. ஒரே வாயில் உள்ளே கவடுபட்டு இரு வால்வுகளுக்குப் பிரிவதால், வாயில்களும் வால்வுகளும் அமைந்த இந்த சிலிண்டர் ஹெட்டில் காற்றோட்டத்தைச் சமன்செய்வது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

அளவீடு ஃப்ளோ பெஞ்ச் என்னும் சோதனை மேடையில் நிகழ்கிறது. சிலிண்டரின் உள்விட்டமே கொண்ட குழாயின்மேல் ஹெட்டைப் பொருத்தி, கீழிருந்து காற்றை உறிஞ்சி, வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, ஒவ்வொரு திறப்பிலும் நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று செல்கிறதென்று குறிக்கிறார்கள். வாயிலின் கூர்விளிம்பில் காற்று சுழித்து அளவைக் கெடுக்காதிருக்க, அதைச் சுற்றிக் களிமண்ணால் வளைந்த உதடொன்று வனைவதும் வழக்கம். உறிஞ்சும் அழுத்தம் நீர்மட்ட வேறுபாடாக அங்குலத்தில் சொல்லப்படுகிறது. காற்றின் அளவு அதன் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 10 அங்குலத்தில் 60 கன அடி கடத்தும் வாயில் 28 அங்குலத்தில் ஏறக்குறைய 100 கன அடி கடத்தும். ஆகவே அழுத்தம் குறிக்கப்படாத எண்ணுக்குப் பொருளில்லை.

கைத்திறன் வெளிப்படுவது, எங்கே உலோகத்தைத் தொடாமல் விடுவது என்ற தெளிவில்தான். வால்வு சற்றே திறந்திருக்கும்போது ஓட்டத்தை ஆள்வது அதன் இருக்கையும் அதை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரும். அங்கே 45 பாகை முகத்தின் இருபுறமும் 30, 60 பாகைச் சரிவுகளைச் சீராக வெட்டுவது, வாயில் முழுவதையும் கண்ணாடிபோல் மெருகேற்றுவதைவிடப் பயன் தருவது. வாயிலை அகலப்படுத்தினால் மேடையில் எண் உயரக்கூடும். ஆனால் காற்றின் வேகம் தளர்ந்து, குறைந்த சுழற்சியில் எஞ்சின் சோர்ந்துவிடும். வார்ப்பின்போது மணற்கரு இம்மியளவு நகர்ந்திருந்தாலும் கவட்டின் ஒரு கிளை ஒடுங்கிவிடும் என்பதால், தேர்ந்த வினைஞர் பெரிய எண்ணைத் துரத்தாமல், ஒவ்வொரு திறப்பிலும் பின்தங்கும் கிளையைக் கண்டறிந்து, ஒரு முறை சுரண்டி ஒரு முறை அளந்து, அதை மற்றதன் நிலைக்கு உயர்த்துகிறார். அந்தப் பொறுமையே இக்கலையின் அழகு.

எனினும் மேடையில் காற்று இடைவிடாமல் ஓடுகிறது; எஞ்சினிலோ அது விட்டுவிட்டுப் பாய்கிறது. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், இரண்டாம் சிலிண்டரின் இன்லெட் வால்வு மூடி முடியுமுன்பே அதே வாயிலைப் பகிரும் முதல் சிலிண்டரின் வால்வு திறந்து, அதற்குரிய கலவையில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையிலும் இதுவே நிகழ்கிறது. கிளைகள் இரண்டும் மேடையில் ஒரே எண்ணைக் காட்டிய பின்னும் எஞ்சும் இந்த ஏற்றத்தாழ்வை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டின் தேர்விலேயே தணிக்க முடியும்.