குளக்கரைக் குடித்தனமும் கூப்பன் அரிசியும்

நோசாகா அகியுகி 1967இல் எழுதிய ‘மின்மினிகளின் கல்லறை’ என்ற ஜப்பானியக் கதையைத் தகஹாதா இசாவோ 1988இல் சித்திரப்படமாக்கினார். 1945இல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிகிறது. தாயை இழந்த 14 வயது செய்தா, உறவுக்காரம்மாவின் சுடுசொல் தாளாமல், 4 வயதுத் தங்கையோடு குளக்கரைப் பதுங்குகுழியில் குடித்தனம் வைக்கிறான்.

பார்த்தவர்கள் அந்தம்மாவைத் திட்டுவார்கள். வியாபாரியான நமக்குக் கண் போவது கணக்கில்தான். தாய் சேமித்த 7000 யென் வங்கியிலே இருக்கிறதே, அப்புறம் ஏன் பட்டினி? அடுப்பும் சட்டியும் வாங்கப் பணம் போதும், அரிசிக்குப் போதாது. பங்கீட்டரிசி அண்டைவீட்டுச் சங்கம் வழியாகத்தான் வரும். வீட்டை விட்டவன் அந்த வரிசையிலேயே இல்லை. ரோஷத்தை விட்டுத் திரும்பிப் போ என்று குடியானவர் சொல்லியும் பையன் கேட்கவில்லை. மிச்சப் பணத்தை எடுத்துத் தர்ப்பூசணியோடு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது.

இந்த முக்கிய முடிச்சை ஓரிரு வசனத்தோடு படம் தாண்டிப் போவது எனக்குக் குறையாகவே படுகிறது.