காளிக்குப்பத்து அக்காவும் ஜூம் விருந்தினரும்

போன வருஷம் திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளியில் நடந்த இணையவழி வகுப்பை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பேசியவர் வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு ஜியாலஜி ஆராய்ச்சியாளர். தலைப்பு, கல்லாகிப்போன மரங்கள். 45 நிமிஷத்தில் 35 நிமிஷம் ஆங்கிலத்தில் ஸ்லைடு ஓடியது. எல்லாம் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்துக் கல்மரங்கள். படங்கள் அருமை, பேச்சும் நல்ல பேச்சுதான். பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கேள்வி நேரம் வந்ததும் ஒரு பையன் எழுந்தான். "சார், திருவக்கரையில கெடக்கறது அசுரனோட எலும்புன்னு எங்க ஆயா சொல்லுது. அது எலும்பா, மரமா?"

திரையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "உக்காருடா, டைம் ஆச்சு." எல்லாரும் சேர்ந்து "தேங்க்யூ சார்" சொன்னார்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள், அது வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது. அவ்வளவுதான்.

அன்று கேட்கப்பட்ட ஒரே உண்மையான கேள்வி அதுதான். அதற்குத்தான் பதில் வரவில்லை. இந்த "விர்ச்சுவல் கெஸ்ட்" விஷயத்தில் நாம் எங்கே சறுக்குகிறோம் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் திருவக்கரையைப் பற்றிக் கொஞ்சம். வக்கிரகாளியம்மனுக்காக இந்த ஊரைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். வக்கிராசுரனைத் திருமாலும் அவன் தங்கை துன்முகியை அம்மனும் வதம் செய்தார்கள் என்பது தலபுராணம். அதே ஊரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கும் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சோனெரா 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். கிளை, இலை, வேர் எதுவும் இல்லாமல் வெறும் அடிமரங்களாகப் படுத்துக் கிடப்பதால், இவை இங்கேயே வளர்ந்தவை அல்ல, பழைய ஆற்று வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை என்று கருதுகிறார்கள். இந்தப் பிள்ளைகள் பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் அன்று அவர்கள் பார்த்தது அரிசோனாவை.

இணையவழி விருந்தினர்கள் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஒரு விஞ்ஞானியை நேரில் பார்க்காமலேயே பத்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் இங்கே ஏராளம். கல் உடைத்து ஆராயும் வேலையை ஒரு பெண் செய்கிறார் என்று திரையில் பார்ப்பதே ஒரு சிறுமிக்குப் பெரிய திறப்பாக இருக்கலாம். பஸ் செலவு, விமானச் செலவு எதுவும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். என் கேள்வி வேறு: திரையில் யார் வருகிறார் என்பதற்குச் செலவிடும் யோசனையில் பாதியையாவது, வகுப்பறைக்குள் யார் நிற்கிறார் என்பதற்குச் செலவிடுகிறோமா?

இதற்குத் தமிழ்ப் பிள்ளைகளை வைத்தே நடந்த ஒரு புகழ்பெற்ற பரிசோதனை இருக்கிறது. சுகதா மித்ராவும் ரீத்து டங்க்வாலும் 2010-இல் வெளியிட்ட காளிக்குப்பம் ஆய்வு. ஆங்கிலம் சரளமாக வராத, தமிழ் பேசும் கிராமத்துப் பிள்ளைகள், பொது இடத்தில் வைத்த கணினியை மட்டும் கொண்டு மூலக்கூறு உயிரியலைத் தாங்களாகவே கற்க முடியுமா என்பது கேள்வி. மித்ரா தன் டெட் உரையில் சொல்லும் கணக்குப்படி, ஆரம்பத்தில் மதிப்பெண் பூஜ்யம். இரண்டு மாதம் போல விட்டுவிட்டுப் பார்த்தால் 30 சதவீதம். அங்கேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் அந்த ஊர்ப் பெண் ஒருவரைத் துணைக்குச் சேர்க்கிறார்கள். வயது 22, கணக்கு எழுதும் வேலை, பிள்ளைகளோடு கால்பந்து ஆடுகிறவர். உயிரியல் சுத்தமாகத் தெரியாது. பின்னால் நின்று "அட, எப்படிடா செஞ்ச? எனக்கும் காட்டேன்" என்கிற மாதிரி பாட்டிகள் கேட்பார்களே, அப்படிக் கேட்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் 50-க்குப் போனது. தகுதி பெற்ற ஆசிரியர்கள் பாடம் நடத்திய டெல்லி தனியார் பள்ளிக்குச் சமம்.

ஒரு கிராமம், சின்ன எண்ணிக்கையிலான பிள்ளைகள். இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று கவனியுங்கள். 30-இலிருந்து 50-க்குத் தள்ளியது இணையமோ நிபுணரோ இல்லை, அந்த ஊர் அக்கா. உலகம் இந்தக் கதையை "பிள்ளைகள் தானாகவே கற்கிறார்கள்" என்று சொல்லிப் பரப்பியது. என் வாசிப்பில், தானாகக் கற்பதற்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்ட ஓர் ஆள் வேண்டும் என்பதே அதன் முடிவு. ஆய்வின் தலைப்பிலேயே "எல்லைகள்" என்ற சொல் இருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு உறுத்தல். அதே உரையில் மித்ரா இன்னொன்றையும் சொல்கிறார். பாட்டி மாதிரி ஊக்கம் கொடுப்பது வேலை செய்கிறதென்றால், பிரிட்டிஷ் பாட்டிகளையே ஸ்கைப்பில் இந்தியப் பிள்ளைகளிடம் பேச வைக்கலாமே? அதுதான் "கிரானி கிளவுட்", பாட்டி மேகம். இங்கிலீஷ் பேசிப் பழக அது உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் காளிக்குப்பத்து அக்காவிடம் இருந்தவை எவை? அதே மொழி, தினசரி இருப்பு, கால்பந்து மைதானத்துப் பழக்கம், எந்தப் பையன் ஏன் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறான் என்ற அறிவு. பாராட்டு அதில் ஒரு பகுதிதான். அந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துத் திரையில் ஏற்றிவிட்டு, மீதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம். நம்ம ஊர் ஜூம் வகுப்புகளும் இதே தப்பைத்தான் செய்கின்றன.

தமிழ்நாடு இந்தப் பாடத்தை ஒருமுறை பெரிய அளவில் படித்திருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கையில் இருந்தது. பாடங்கள் ஒளிபரப்பாயின. அது போதாது என்று தெரிந்துதான் 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் இதே விழுப்புரம் மாவட்டம், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பம். தெருவிலிருக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து எழுதிய ஆய்வில், பிள்ளைகள் இழந்த கற்றலை மீட்டதில் ஏறக்குறைய 24 சதவீதம் இந்தத் திட்டத்தின் பங்கு என்று மதிப்பிட்டார்கள். காளிக்குப்பத்து அக்கா தெருவுக்கு ஒருவராக வந்ததாகவே இதை நான் பார்க்கிறேன்.

அப்போ விருந்தினரே வேண்டாமா? வேண்டும். ஆனால் விண்வெளி நிலையத்தோடு பள்ளிப் பிள்ளைகள் ஹாம் ரேடியோவில் பேசும் நிகழ்ச்சி மாதிரி வேண்டும். நிலையம் நம் தலைக்கு மேல் கடந்து போக ஏறத்தாழ 10 நிமிஷம்தான். வீரர் ஸ்லைடு போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் பிள்ளைகள் முன்கூட்டியே படித்து, கேள்வி எழுதி, வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். நேரப் பஞ்சம் ஒரு நல்ல ஒழுங்கைக் கொண்டுவந்துவிட்டது. நம் ஜூமில் நேரம் தாராளம். அதனால் ஆயத்தம் பூஜ்யம்.

திண்டிவனம் பள்ளியில் என்ன செய்திருக்கலாம்? முந்தின வாரம் பிள்ளைகளைத் திருவக்கரைக்குக் கூட்டிப்போயிருக்கலாம். ஆளுக்கொரு கல்மரத்தை வரைந்து, தமிழிலேயே ரெண்டு கேள்வி எழுதி வரச் சொல்லியிருக்கலாம். அவற்றை முன்னாடியே விருந்தினருக்கு அனுப்பியிருக்கலாம். தமிழ் தெரிந்த ஜியாலஜிஸ்ட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஆசிரியர் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். ஆசிரியருக்குப் பாடம் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "நல்ல கேள்விடா, சார்கிட்ட கேப்போம்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் ரொம்பச் சுலபம். மண்ணுக்குள் புதைந்த மரத்தில் தண்ணீரோடு சிலிக்கா இறங்கி, மரத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் பிடித்துக்கொண்டது. ஆனால் உள்ளமைப்பு அழியவில்லை. வெட்டுமுகத்தைப் பார்த்தால் மர வளையங்கள் தெரியும், எலும்பில் அப்படி இருக்காது. "நீயே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். அதோடு, அவ்வளவு பெரிசா, கல்லா, உருண்டையா கிடக்கிறதைப் பார்த்து எலும்பு என்று நினைத்த அவன் ஆயாவும் கண்ணால் பார்த்துத்தான் யோசித்திருக்கிறார் என்றும் சொல்லியிருக்கலாம்.

இதைச் சொல்ல அரிசோனாவிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. அன்றைக்கு அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த நானே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விருந்தினர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று நானும் நினைத்துவிட்டேன்.