தீக்கு முன்னால் யார் வருவது?

ஜூனில் எழும் தென்மேற்குக் காற்று தேனி மலைகளை நனைக்கிறது. அதே காற்று இலங்கையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவில் வறண்ட கச்சானாக இறங்குகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் அங்குள்ள கொஸ்லந்தைச் சரிவுகளில் மானாப்புல் காய்ந்து கிடக்கும். தீ மூள அணைக்காத பீடித் துண்டே போதும். தேனியில் அந்த ஆபத்துக் காலம் பெப்ரவரி முதல் மே வரை.

தமிழகக் கிராமத்தில் குடிசை எரிந்தால் கிராம நிர்வாக அலுவலர் தலையாரியோடு வருகிறார். அவர் அறிக்கை வட்டாட்சியருக்குப் போன பிறகுதான் நிவாரணம். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980இல் ஒழித்துவிட்டு வந்த பதவி இது. தீயணைப்புத் துறையும் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. ஆனாலும் தீக்கு முன்னால் அங்கும் வெற்றிடம்தான். 2018 மார்ச் 11இல் தேனியின் குரங்கணி மலையில் மூண்ட தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. மலையேறியவர்களைக் காக்க முதலில் ஓடியவர்களில் உள்ளூர் மக்களும் இருந்தார்கள். எந்தச் சரிவு காய்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதை அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவைக்கும் வேலை எவருக்கும் தரப்படவில்லை என்பதே என் ஆதங்கம்.

கொஸ்லந்தையில் சிக்கல் இன்னும் ஆழமானது. விதானைக்குப் பதிலாக 1963இல் வந்த கிராம சேவகருக்குத் தோட்டமும் தன் பிரிவுதான். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் கம்பனியின் கையில். பழைய மின்கம்பியை மாற்றச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை; தோட்ட முகாமையாளரான துரைக்குத்தான் உண்டு. காம்பராக்களுக்கு இடையே சுவர் இருந்தாலும் கூரை ஒன்றே என்பதால், ஒரு அடுப்படியில் பிடித்த தீ முழு லயத்தையும் எடுத்துவிடும். தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து மலைப்பாதையில் வந்துசேர வேண்டும். தோட்டங்களுக்குள் பிரதேச சபை தாராளமாகச் செலவிட முடியாதபடி தடுத்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. எல்லாம் எரிந்த பிறகு கிராம சேவகர் பெயர்களை எண்ணுகிறார். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் சாம்பலானவர்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறார். அந்தக் கடிதம் இல்லாமல் பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதிகூட இழுபறியாகும். அதைச் சிறிய உதவி என்று நான் சொல்லமாட்டேன்.

தமிழகத்து வால்பாறையின் தோட்டப் பாடிகளிலும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலே வீட்டுப் பொறுப்பு நிர்வாகத்துடையதே. ஆகவே இரு நாட்டு அதிகாரிகளின் திறமையை ஒப்பிட்டுப் பயனில்லை. வீடு யாருடையது என்பதே வித்தியாசத்தை உண்டாக்குகிறது. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் மண் சரிந்து லயங்களை மூடியது. எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. சனங்களை எழுப்பி வேறிடம் கொண்டுபோகும் பொறுப்பு ஒருவர் கையில் இருக்கவில்லை. தீயிலும் அதே ஓட்டை.

கச்சான் தொடங்குமுன் கிராம சேவகர், துரை, தோட்டத் தலைவர் மூவரும் லயம் லயமாக நடந்து, மின்கம்பி, தண்ணீர்த் தொட்டி, புல் வெட்டிய தீத்தடுப்புப் பட்டை ஆகியவற்றைப் பார்த்து ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். குறைகளைத் திருத்த நிர்வாகத்துக்குத் தவணை வைக்க வேண்டும். அல்துமுல்லைப் பிரதேச செயலகம் இதை மே மாதத்திலேயே தொடங்கலாம்.